கிண்ணம் வெள்ளையாக இருக்கும்வரை

1958ஆம் ஆண்டு ஏப்ரல் 21, திங்கட்கிழமை, நோன்புப் பெருநாள் காலை ஏழரை மணிக்கு, செங்கரைப்பட்டினம் சங்குத்துறைத் தெருவில், உவைசு மரைக்காயர் ஒரு மாதமாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த தன் நாற்பத்தொரு சீனப் பீங்கான்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திருப்பினார். நாற்பத்தொன்றும் வெள்ளையாக இருந்தன.

கீறல் இல்லை, சுரண்டிய தடம் இல்லை, மினுமினுப்பும் குறையவில்லை. நோன்பு தொடங்கும் முன்பு அவற்றில் நாரைகளும் வௌவால்களும் செந்நிறக் கெண்டைகளும் தாமரைக்கொடியும் குழிப்பேரிக் கிளைகளும் மேகங்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நடு அலமாரியின் நடுத்தட்டில் இருந்த கிண்ணத்தில், மஞ்சள் பின்னணியில் ஐந்து நகங்கள் உள்ள பச்சை டிராகன் ஒன்று சுருண்டு கிடந்தது. ஐந்து நகம் சீனச் சக்கரவர்த்தி ஒருவருக்கு மட்டும்தான், இளவரசனுக்குக்கூட ஒரு நகம் குறைத்துத்தான் தீட்டுவார்கள், யுத்தத்துக்கு முன்பு கான்டனில் அரண்மனை வேலைக்காரர் குடும்பம் ஒன்றிடமிருந்து அதை வாங்க நான் இரண்டு கப்பலைத் தவறவிட்டேன் என்று மரைக்காயர் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வார். சங்கு வியாபாரத்துக்காகக் கடல் கடந்த மற்றவர்கள் பட்டும் அத்தரும் கொண்டுவந்து இறங்கியபோது, அவர் வைக்கோல் பொதிந்த மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். கிண்ணங்களை அரிசி மாவு கரைத்த வெந்நீரில் அவரே கழுவுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

தொழுகிற வீட்டில் உயிருள்ளவற்றின் உருவம் முகம் காட்டக் கூடாது என்பதால், அந்த ஊரில் உருவப் பீங்கான் வைத்திருப்பவர்கள் நோன்பு மாதத்தில் அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்கள். இரவுத் தொழுகை முடிந்ததும் வீட்டுப் பெண்கள் திரும்ப இந்தப் பக்கம் வைத்து, விடிவதற்குள் மறுபடியும் திருப்புவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, காற்று வாங்கட்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். உவைசு மரைக்காயரின் மனைவி முந்தைய ஆண்டு இறந்துபோயிருந்தார். இது அவர் இல்லாத முதல் நோன்பு. மகள் ருகையா நாச்சி, "நான் திருப்பி வைக்கிறேன் வாப்பா" என்று கேட்டபோது, கை தவறி உடைந்துவிடும் என்று பயந்து அவர் தொடவிடவில்லை. ஒரு மாதம் முழுக்க அவை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. காரணம் பற்றி ஊரில் பேசப்பட்டது இவ்வளவுதான்.

போன உருவங்கள் வெகுதூரம் போகவில்லை. அன்று காலையே பள்ளிவாசலில் பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டபோது, பாங்கு சொல்லும் இபுராகிம் மோதினாரின் முன்கையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை ஒன்று சட்டைக்கையிலிருந்து எட்டிப் பார்த்தது. கறிக்கடை பக்கீரின் கெண்டைக்கால்களில் காலுக்கொன்றாக இரண்டு செந்நிற மீன்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தொப்பியைக் கழற்றியபோது வழுக்கையைச் சுற்றி ஐந்து வௌவால்கள். மருத்துவச்சி முழங்கையில் குழிப்பேரிக் கிளை. மூன்று மாதக் குழந்தை ஒன்றின் தொப்புளைச் சுற்றித் தாமரைக்கொடி. வலி இல்லை, அரிப்பு இல்லை, சீயக்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

பதறியவர்கள் முதல் வாரம் பதறினார்கள். கம்பவுண்டர் ஒரு களிம்பு கொடுத்துப் பார்த்தார். காவல் நிலையத்திலிருந்து வந்த சப்-இன்ஸ்பெக்டர், பொருள் வீட்டிலேயே இருக்கிறது, படம் மட்டும்தான் போயிருக்கிறது, இதைத் திருட்டு என்று எழுத முடியாது என்று சொல்லி, பெருநாள் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனார். பெரிய பள்ளி லெப்பை மூன்று வெள்ளிக்கிழமை யோசித்து, ஊசி குத்தாததால் இது பச்சை குத்தியதாகாது, துணியால் மறைத்துக்கொண்டால் தொழுகை கூடும் என்று தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு ஊர் சிரிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் தலைமையாசிரியர் தொப்பியைத் தொட்டால் கைதட்டி வௌவால் விரட்டினார்கள். பக்கீர் கடலில் கால் நனைக்கும்போதெல்லாம், "பாத்துப்பா, தூண்டில்காரன் இழுத்துருவான்" என்றார்கள்.

உவைசு மரைக்காயர் மட்டும் சிரிக்கவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு நிலைக்கண்ணாடிகளுக்கு நடுவே நின்று, தன் உடம்பை உச்சிமுதல் உள்ளங்கால்வரை தேடிப் பார்த்தார்.

"ஒரு வௌவால்கூட என் மேல உக்காரல புள்ள" என்றார் மகளிடம், வெளியே வந்து. "முப்பது வருசம் கழுவி வச்சேன்."

டிராகன் இருக்கும் இடம் கடைசியாகத்தான் தெரிந்தது. கிட்டங்கியில் மூட்டைகளுக்குக் குறியிடும் வேலை பார்த்த அசன் கனி என்ற இருபத்துமூன்று வயது இளைஞன், ஒதுங்கிப் பழகியவன், பெருநாளிலிருந்தே கிணற்றடியில் சட்டையோடு குளித்துக்கொண்டிருந்தான். கூட இருந்தவர்கள் சந்தேகப்பட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, வலது தோளில் தலை வைத்து, முதுகு முழுக்கச் சுருண்டு, இடுப்பில் வால் முடியும் அந்தப் பச்சை மிருகத்தைக் கண்டார்கள். சுற்றியிருந்த தோல் மஞ்சளாக இருந்தது. செய்தி கேட்டு மரைக்காயர் பூதக்கண்ணாடியோடு வந்தார். நான்கு கால்களிலும் நகங்களை எண்ணினார். பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ருகையாவுக்குக் கொழும்பில் வைரம் விற்கும் குடும்பம் ஒன்றில் நிச்சயம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் மரைக்காயர் அந்தச் சம்பந்தத்தை முறித்துவிட்டு, அசன் கனியை மாப்பிள்ளை கேட்டு ஆள் அனுப்பினார். அசன் கனியின் தாய் இரண்டு நாள் பயந்து நடுங்கி, மூன்றாம் நாள் சம்மதித்தார்.

"வாப்பா, மாப்பிள்ளை எனக்குப் பாக்குறீங்களா, அலமாரிக்குப் பாக்குறீங்களா?" என்று கேட்டாள் ருகையா.

"ரெண்டுக்கும் ஒரே ஆளு அமைஞ்சா நல்லதுதானே புள்ள" என்றார் மரைக்காயர். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

செங்கரைப்பட்டினத்தில் வீடு பெண்களுடையது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டில் வந்து வாழ்வான். எத்தனை கப்பல் வைத்திருந்தாலும் அந்த வீட்டில் அவன் விருந்தாளிதான். மணமக்களுக்கென்று ஒதுக்கும் மணவறையை நாலு சுவரிலும் கண்ணாடி அலமாரி வைத்துப் பீங்கான்களால் நிரப்புவார்கள், நிக்காஹ் அன்று அறையும் அறையில் உள்ளவையும் மணமகளுக்கு என்று சபையில் சொல்லிக் கொடுப்பார்கள். உவைசு மரைக்காயரும் அப்படியே கொடுத்தார். நாற்பத்தொரு வெள்ளைப் பாத்திரங்களுக்கு நடுவே, முதுகில் டிராகனோடு அசன் கனி அந்த வீட்டுக்குக் குடிவந்தான். "மரைக்காரு மாப்பிள்ளை எடுக்கல, சாமானைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு" என்று கல்யாணச் சாப்பாட்டில் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் போகுமுன் மரைக்காயர் மணவறை வாசலில் வந்து நின்று இருமுவார். "மாப்பிள்ளை, சட்டையைக் கொஞ்சம்..." என்பார். அசன் கனி திரும்பி நிற்பான். அவர் பூதக்கண்ணாடியால் செதில் செதிலாகப் பார்த்து, வெயிலில் நிறம் மங்கியிருக்கிறதா என்று விசாரித்து, இனிமேல் மூட்டைப்பக்கம் சாயாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போவார். ருகையா முதலில் வெட்கப்பட்டாள், பிறகு ஆத்திரப்பட்டாள், அதற்குப் பிறகு, அவன் குப்புறப் படுத்துத் தூங்கும்போது மூச்சுக்கு ஏற்ப டிராகனின் மீசை அசைவதைப் பார்த்து ஒருநாள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவன் விழித்து, "என்ன, கடிச்சிருச்சா?" என்றான். அன்றிலிருந்து அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள்.

ஆடி மாதம் இபுராகிம் மோதினார் மூச்சிரைப்பில் இறந்தார். மையத்தைக் குளிப்பாட்டியவர்கள் மூன்றாம் குடம் ஊற்றியபோது, முன்கையிலிருந்த நாரை தண்ணீரோடு தளர்ந்து, காலை நீட்டி, வழிந்து, பலகையின் ஓரத்தில் இல்லாமல் போனது. அதே நேரம் சங்குத்துறைத் தெருவில், மணவறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ருகையா, மேல்தட்டிலிருந்த சிறிய கோப்பையில் முதலில் ஒரு சிவந்த கால், பிறகு வயிறு, பிறகு வளைந்த கழுத்து வருவதைப் பார்த்தாள். துடைப்பம் கையைவிட்டு விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. இந்தப் பக்கம் கோப்பையைப் பார்த்தவர்களும் அந்தப் பக்கம் மையத்தைப் பார்த்தவர்களும் வழியில் சந்தித்துக்கொண்டபோது, இரண்டு தரப்பும் ஒரே நாரையைச் சொன்னது.

படம் எப்போது திரும்பும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தார். பக்கீர் தன் மனைவியிடம், "எம் மீனுக்குத் தட்டு ரெண்டா, ஒண்ணா?" என்று கேட்டு அழுதார். குழந்தையின் தாய் தாமரைத் தட்டைத் தேடி ஓடிவந்து, அது வெள்ளையாக இருப்பதைக் கண்டு, அதை முத்தமிட்டாள். அவள்தான் முதல். மறுநாளிலிருந்து, உருவம் தாங்கியவர்களின் பெண்கள், மீன் வாங்கப் போகும் வழியில் ருகையா வீட்டுச் சன்னலில் நின்று கேட்கத் தொடங்கினார்கள்.

"வெள்ளையா?"

"வெள்ளைதான்."

ஆண்கள் பாதிப்பேர் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்த ஊர் அது. கடல் கடந்து சபர் போனவர்களில் ஏழெட்டுப்பேரின் உடம்பிலும் உருவங்கள் இருந்தன என்பது கடிதங்களில் தெரியவந்தது. ஒருவர் குளிக்கும்போது கண்டிருந்தார், இன்னொருவரிடம் சலவைக்காரன் கேட்டிருந்தான். மேகம் தீட்டிய தட்டு ஒரு செவ்வாய்க்கிழமை நிரம்பியது. அந்த மேகத்தைத் தாங்கிய கணவன் ரங்கூனில் இருந்த கதீஜம்மாள் தட்டைப் பார்த்தார், வீட்டுக்குப் போனார், வளையலைக் கழற்றினார், விதவைகள் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் இத்தா உட்கார்ந்தார். லெப்பை ஆள் அனுப்பி, பீங்கான் சாட்சி ஆகாது, ஹயாத்தோடு, உயிரோடு இருக்கும் கணவனுக்கு இத்தா இருப்பது பாவம் என்று சொல்லச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை தந்தி வந்தது. அதில் செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. விலாவில் ஒரு கெண்டைக்குஞ்சு இருந்த லெப்பையின் தம்பி மகனுக்காக, அவர் வீட்டுப் பெண்களும் அதற்குப் பிறகு சன்னலுக்கு வரத் தொடங்கினார்கள்.

ஐப்பசி தொடங்கும் முன்பு சிங்கப்பூரிலிருந்து டான் என்ற பீங்கான் வியாபாரி வந்தார். உவைசு மரைக்காயரோடு பழைய கடிதத் தொடர்பு உள்ளவர், முன்பு ஒருமுறை வந்து இந்தப் பீங்கான்களைப் பார்த்தவர். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள்; அந்தத் தெருவில் மலாய் தெரியாத வீடு இல்லை, திரைக்குப் பின்னால் இருந்த ருகையாவுக்கும் தெரியும். டான் நாரைக் கோப்பையைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். முன்பு பார்த்ததைவிட உயிராக இருக்கிறது, சூளையிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல் இருக்கிறது, மனித உடம்பில் இருந்துவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும் போல என்றார். பிறகு வெள்ளைக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அசன் கனியைக் கூப்பிட்டு முதுகைப் பார்த்தார்.

"இது கிண்ணத்துக்குத் திரும்பினால் உலகத்தில் இதற்கு ஈடே இருக்காது" என்றார், அசன் கனி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போன பிறகு. "திரும்பியதும் எனக்குத் தந்தி அடியுங்கள்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் உவைசு மரைக்காயர்.

வாய்ப்பழக்கத்தில் சொன்னதுதான். நாளைக்கு மழை வந்தால் என்பதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். திரைக்குப் பின்னால் ருகையா கையிலிருந்த தேநீர்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தேநீர் கொடுக்காமலே மணவறைக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் முதுகைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் கிண்ணத்தைப் பார்க்க வந்தார். வாசலில் நின்று முதலில் அலமாரியைப் பார்ப்பார்; அப்புறம்தான், "மாப்பிள்ளை சொகந்தானே?" என்று கேட்பார். கிண்ணம் வெள்ளையாக இருக்கும். அவர் தலையசைத்துவிட்டுப் போவார். அந்தத் தலையசைப்பில் என்ன இருந்தது என்று ருகையா பல நாள் யோசித்தாள், ஒருநாள் தெரிந்துகொண்டாள்: ஏமாற்றம்.

ஐப்பசி பாதியில் அவர் சாப்பாட்டு விரிப்பில் வைத்துச் சொன்னார். ரகுமானியா தோணியில் பங்கு வாங்கியிருக்கிறேன், வெங்காயமும் கருவாடும் கொழும்புக்குப் போகிறது, சரக்கோடு நம் ஆள் ஒருவர் போக வேண்டும், மாப்பிள்ளை போகட்டும்.

அசன் கனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ரகுமானியா இரண்டு வருஷமாகக் கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணி. அடிப்பலகை உளுத்தது என்று ஊருக்கே தெரியும்.

"வாப்பா, இது புயல் மாசம்" என்றாள் ருகையா.

"சபர் போகாத மாப்பிள்ளைய வீட்டுல வச்சிருந்தா ஊரு என்ன பேசும்? நான் அவர் வயசுல நாலு புயல் பாத்தவன்" என்றார் மரைக்காயர். பிறகு கனிவாக, "கடல்ல குளிரா இருக்கும், என் கம்பளிய எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார். கம்பளியை அவரே பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, வெயிலில் போட்டார்.

ஊருக்குத் தெரியும். அடிப்பலகையில் தாரும் பஞ்சும் திணித்த தச்சர்களுக்குத் தெரியும், வெங்காய மூட்டை ஏற்றியவர்களுக்குத் தெரியும், பயணத்துக்கு ஃபாத்திஹா ஓதிய லெப்பைக்குத் தெரியும், தினமும் சன்னலில் வெள்ளையா என்று கேட்ட பெண்களுக்குத் தெரியும். பெரிய மனிதர் வீட்டு விஷயம் என்றார்கள். அவர் பங்கு வாங்கியதால் வேலை கிடைத்தவர்கள் இருந்தார்கள். இப்படியெல்லாம் ஒருத்தர் நினைப்பாரா, நாம்தான் தப்பாக நினைக்கிறோம் என்றார்கள். படம் உடம்புக்கு வந்ததைச் சீக்கிரம் ஏற்றுக்கொண்ட ஊர், இதையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நாட்கள்தான் ஆயின.

புறப்படும் நாள் காலை ருகையா கணவனிடம் ஒரு துணிமூட்டையைக் கொடுத்தாள். கல்யாணப் புடவையை நாலாக மடித்துச் சுற்றியிருந்தாள்.

"தேங்காப்பால் தொதல் இருக்கு. கிண்ணத்தோட இருக்கு. தின்னுட்டுக் கழுவி வைங்க."

அவன் தொட்டுப் பார்த்து எந்தக் கிண்ணம் என்று புரிந்துகொண்டான். "மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? மணவறையில உள்ளது என்னோடது. சபையில குடுத்தாரு."

"சக்கரவர்த்திக் கிண்ணத்துல தொதலா?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க இருக்க எடத்துல அது இருக்கட்டும்" என்றாள். "நீங்க கடலுக்குள்ள போனா அதுவும் போவட்டும். நீங்க இல்லாம அது மட்டும் நெறைஞ்சு இந்த அலமாரில ஒக்காந்திருக்கறத நான் பாக்க மாட்டேன்."

உவைசு மரைக்காயர் மாப்பிள்ளையைத் தெருமுனைவரை வழியனுப்பிவிட்டு வந்தார். மணவறைக்குள் போனார். நடு அலமாரியின் நடுத்தட்டில், கிண்ணம் இருந்த இடத்தில், தூசு படியாத ஒரு வட்டம் இருந்தது.

நாற்பது வருஷத்தில் தொப்பியில்லாமல் அவரை ஒருவரும் பார்த்ததில்லை. அன்று சங்குத்துறைத் தெரு முழுக்கப் பார்த்தது. செருப்பில்லாமல், மேல்துண்டு ஒரு பக்கம் இழுபட, வயதான அந்த மனிதர் கடலைப் பார்க்க ஓடினார். என்னவோ ஏதோ என்று பின்னால் ஓடியவர்கள் கரையில் நின்றார்கள். ரகுமானியா பாய் விரிக்கத் தொடங்கியிருந்தது. அவர் நிற்கவில்லை, சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினார், இடுப்பளவு, மார்பளவு.

"மாப்பிள்ளை! கிண்ணம்! கிண்ணத்தக் குடுத்துட்டுப் போங்க!"

தோணியின் விளிம்பில் அசன் கனி வந்து நின்றான். பக்கத்தில் தோணியை ஓட்டும் தண்டல் சூசை, வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குனிந்து கேட்டான்.

"மரைக்காரே, நல்லாச் சொல்லும். ஆள எறக்கவா, கிண்ணத்த எறக்கவா?"

"கிண்ணத்த! கிண்ணத்த மட்டும்!"

அலை ஒன்று வந்து அவர் வாயில் அடித்தது. துப்பிவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"அப்ப பலக விசயம் ஒமக்கும் தெரியும்" என்றான் சூசை.

அவர் ஏந்திய கைகளை இறக்கவில்லை. கரையில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர்கூட அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒன்று, யாரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று, பட்டப்பகலில் தண்ணீருக்குள் நின்று கையேந்தியது. கறிக்கடை பக்கீர் மணலில் உட்கார்ந்து தன் கால்களிலிருந்த மீன்களை வேட்டியால் மூடிக்கொண்டார். சூசை, "பாய எறக்குங்கடா" என்றான். அந்தப் பலகையைப் பற்றி அவனும் தெரிந்துதான் கூலி பேசியிருந்தான்.

அசன் கனி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தான். மாமனாரின் ஏந்திய கைகளுக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து போனான். ஈரத்துணியோடு தெருவில் அவன் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடக்க, அவருக்குப் பின்னால் வெகுதூரம் விட்டு ஊர் நடந்தது. வீட்டு வாசலில் ருகையா நின்றாள். கணவனை உள்ளே விட்டாள். மூட்டையை வாங்கிப் பிரித்து, தொதலை வழித்தெடுத்து வேறு தட்டில் வைத்து, கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. அப்புறம்தான் தகப்பனைப் பார்த்தாள்.

"வாப்பா, இது உம்மாட வீடு. இப்ப என் வீடு. நீங்க மாமி வீட்டுக்குப் போங்க."

"ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன் புள்ள."

"யாரை?" என்றாள்.

தாடியிலிருந்து கடல்தண்ணீர் சொட்டி வாசற்படி நனைந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள் என்று அடுத்த வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். பிறகு கதவைச் சாத்தினாள்.

ரகுமானியா அடுத்த மாதம், காற்றே இல்லாத ஒரு பகலில், கட்டிய இடத்திலேயே ஆளில்லாமல் மூழ்கியது.

உவைசு மரைக்காயர் தன் தமக்கை செய்யதம்மாள் வீட்டில், பீங்கான் ஒன்றுகூட இல்லாத ஓர் அறையில், எட்டு வருஷம் இருந்தார். "தம்பி, செவத்துல என்னத்தப் பாக்குற?" என்று தமக்கை கேட்டால், "சும்மாத்தான் லாத்தா" என்பார். சிங்கப்பூருக்குத் தந்தி எதுவும் போகவில்லை. தினமும் மீன்காரி வரும்போது, சங்குத்துறைத் தெருப் பக்கமிருந்து வருகிறாயா, வெள்ளையா என்று மட்டும் கேட்பார். எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைதான் என்றபோது ஒரு தடவை அவர் அழுததாகச் சொன்னாள். இறந்தபோது குளிப்பாட்டியவர்கள் மறைவாக, மரியாதையாக, உடம்பு முழுக்கத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. ருகையா வந்து முகம் பார்த்தாள். கபன் துணி அவள் கொண்டுவந்ததுதான்.

அசன் கனி பிறகு சபர் போனார். நல்ல கப்பலில், தானே விரும்பி, பினாங்குக்கு. அங்கே புடவைக்கடை வைத்தார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தார், மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். ருகையா தினமும் விடிந்ததும் கிண்ணத்தை எடுத்து அரிசி மாவு கரைத்த நீரில் கழுவி, முகம் அறையைப் பார்க்க வைத்தார். நோன்பு மாதத்திலும் அதைத் திருப்பவில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் மறைக்க என்ன உருவம் இருக்கிறது என்று லெப்பையைக் கேட்டார். மற்றப் பாத்திரங்கள் ஒன்றொன்றாக நிரம்பின. நிரம்பியதை அந்தந்த வீட்டுக்கே ருகையா கொடுத்தனுப்பிவிடுவார். தலைமையாசிரியரின் வௌவால் கிண்ணத்தில் அவர் பேரன்மார் கோலிக்குண்டு போட்டு வைத்திருந்தார்கள். பக்கீரின் மீன்கள் இரண்டும் ஒரே தட்டில்தான் வந்து சேர்ந்தன. சக்கரவர்த்தியின் சூளையில் சுட்ட அந்தத் தட்டில் அவர் மனைவி வெற்றிலை வைத்தார். தாமரைக்கொடித் தட்டு இன்னும் வெள்ளை. அந்தக் குழந்தை இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாலு சுவர் அலமாரிகள் காலியாகிக்கொண்டே வந்தன. சன்னலில் கேட்பவர்களும் குறைந்தார்கள். ஆனாலும் அந்தத் தெருவில் காலையில் பார்த்துக்கொள்ளும் பெண்கள், யாருக்கும் எந்தப் பாத்திரமும் இல்லாவிட்டாலும், சொகமா என்பதற்குப் பதிலாக வெள்ளையா என்றுதான் கேட்டார்கள்.

1993ஆம் ஆண்டு பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு ருகையா நாச்சி கழுவுவதற்காகக் கிண்ணத்தை எடுத்தபோது, அதில் மஞ்சள் பின்னணியில் ஐந்து நகங்கள் உள்ள பச்சை டிராகன் இருந்தது. அடுத்த வீட்டுச் சன்னலிலிருந்து வழக்கம்போல, "வெள்ளையா லாத்தா?" என்ற கேள்வி வந்தது. அவர் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார், வளையல்களைக் கழற்றினார், வெள்ளைத் துணி உடுத்தி இத்தா உட்கார்ந்தார். பினாங்கிலிருந்து தொலைபேசி பத்தே முக்காலுக்கு வந்தது.